87 ட்ராக், முக்கால்வாசிக்குப் பெயர் இல்லை: கரைவலைப் பாட்டு புராஜெக்ட்டை எங்கிருந்து பிரிப்பது?

உச்சிப்புளிக்காரன்

எல்லாருக்கும் வணக்கம். நண்பன் ஒருவன் போன மீன்பிடித் தடைக்காலத்தில் கரைவலை ஆட்களை வைத்து அம்பா பாட்டு, அதாவது கரையில் நின்று வலை இழுக்கும்போது பாடுகிற பாட்டு, பதிவு செய்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு கடலுக்குப் போகாது என்பதால் பின்பாட்டுக்கு ஆள் தாராளமாகக் கிடைத்தது. கரையில் வைத்துப் பாட்டு, அப்புறம் அவன் வீட்டு மாடி அறையில் நாதஸ்வரம், தவில், பம்பை, கீழக்கரையிலிருந்து ஒரு தப்ஸ் (கைப்பறை) குழு. பாதி வேலையில் விசா வந்து சவூதிக்குப் போய்விட்டான். ஹார்ட் டிஸ்க் இப்போது என் கையில்.

ரீப்பர் என்கிற பதிவு மென்பொருளில் திறந்தால் 87 ட்ராக். முக்கால்வாசிக்குப் பெயரே இல்லை, எல்லாம் ஒரே சாம்பல் கலர். சிலது மியூட், சிலது காலி. நாலு பாட்டும் ஒரே டைம்லைனில் அடுத்தடுத்துக் கிடக்கின்றன. அவனிடம் வாட்ஸ்அப்பில் கேட்டால் "எல்லாம் அதுலதான் இருக்கு மாப்ள, தேடு" என்கிறான்.

இதைப் பற்றி நான் பார்த்த வீடியோ எல்லாமே டிரம்ஸ் ஒரு ஃபோல்டர், பேஸ் ஒரு ஃபோல்டர், கிட்டார் ஒரு ஃபோல்டர் என்றுதான் போகின்றன. என்னிடம் இருப்பது கயிறு இழுத்துக்கொண்டே பாடுகிற பதினைந்து பேர். இதற்கு என்ன ஃபோல்டர் போடுவது?

கச்சான்

தம்பி, முதலில் எதையும் இழுக்காதே, அழிக்காதே. அந்த டிஸ்க்கை அப்படியே இன்னொரு டிஸ்க்குக்கு நகல் எடு. பிறகு ரீப்பரில் "சேவ் அஸ்" கொடுத்து, கீழே வருகிற கட்டங்களில் இரண்டை டிக் செய்: புராஜெக்ட்டுக்குத் தனி ஃபோல்டர் உருவாக்குவது ஒன்று, மீடியா ஃபைல் எல்லாவற்றையும் அதற்குள் நகல் எடுப்பது மற்றொன்று. இனிமேல் நீ வேலை செய்வது அந்தப் புதிய நகலில் மட்டும்.

அடுத்து, ட்ராக்குக்குப் பெயர் இல்லாவிட்டாலும் ஃபைலுக்குப் பெயர் இருக்கும். உன் நண்பன் செட்டிங்கை மாற்றியிருக்காவிட்டால், ரீப்பர் பதிவு செய்யும்போது ட்ராக் எண், ட்ராக் பெயர், தேதி, நேரம் என்ற வரிசையில் ஃபைலுக்குத் தானாகவே பெயர் வைத்திருக்கும். ட்ராக் பெயர் வைக்காததால் அந்த இடம் மட்டும் விட்டுப்போய் "03-250511_1832" மாதிரி இருக்கும். அதாவது மூன்றாவது ட்ராக், 2025 மே 11, மாலை 6:32. இப்படி ஒரே நேரம் போட்ட ஃபைல் எட்டு இருந்தால், அவை எட்டும் ஒரே முறை ரெக்கார்ட் அழுத்தியபோது எட்டு மைக்கில் விழுந்தவை. முதலில் இந்த நேரத்தை வைத்து கூட்டம் பிரி. கேட்டுப் பார்க்கவே வேண்டாம், கண்ணாலேயே பாதி வேலை முடிந்துவிடும்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். ரெக்கார்ட் முடிந்த பிறகு ட்ராக் பெயரை மாற்றினால் ட்ராக் பெயர்தான் மாறும். டிஸ்க்கில் உள்ள ஃபைல் பழைய பெயரிலேயே இருக்கும். பெயர் வைப்பதெல்லாம் சிவப்புப் பொத்தானை அமுக்குவதற்கு முன்னால் செய்யவேண்டிய வேலை. கரையில் வெயிலில் நின்றுகொண்டு யார் டைப் அடிப்பது என்று கேட்பார்கள். எட்டு ட்ராக்குக்கும் பெயர் வைத்து வீட்டிலேயே ஒரு டெம்ப்ளேட் சேவ் செய்துகொண்டு போக வேண்டியதுதான்.

தொண்டி பீட்

ஃபோல்டர் எல்லாம் எதற்கு அண்ணே? கலர் போட்டால் போதாதா? நான் எஃப்எல் ஸ்டூடியோ மென்பொருள்காரன். தோல்வாத்தியம் எல்லாம் சிவப்பு, குரல் எல்லாம் மஞ்சள், முடிந்தது. ஃபோல்டர் போட்டால் மூடி வைத்துவிட்டு உள்ளே என்ன இருந்தது என்றே மறந்துவிடுகிறது.

கச்சான்

எஃப்எல்லில் கதையே வேறு. அங்கே ப்ளேலிஸ்ட் ட்ராக்குக்கும் சத்தம் போகிற மிக்சர் இன்சர்ட்டுக்கும் இயல்பாகத் தொடர்பே கிடையாது. ப்ளேலிஸ்டில் மேலே கீழே நகர்த்தினால் கண்ணுக்குத்தான் மாற்றம், சத்தம் போகிற வழி மாறாது. அதனால் உனக்குக் கலர் போதும் என்று தோன்றுகிறது. ரீப்பரில் ஒரு ட்ராக்கை இன்னொன்றுக்குள் போட்டால் அதன் சத்தமே அந்தத் தாய் ட்ராக் வழியாகத்தான் வெளியே போகும்.

சாயல்குடி டு சாலிகிராமம்

நல்ல இடத்துக்கு வந்திருக்கிறீர்கள், இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். நான் சென்னையில் மிக்ஸ் செய்து பிழைக்கிறவன். ஊர்ப் பக்கத்துப் பாட்டு என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ரீப்பர் ஃபோல்டரில் தாய் ட்ராக்கின் ஃபேடரை (சத்த அளவுக் கட்டை) இறக்கினால் உள்ளே இருப்பது எல்லாம் இறங்கும். அதில் சத்த ஏற்றத்தாழ்வைக் குறைக்கிற கம்ப்ரசர் போட்டால் எல்லாவற்றையும் சேர்த்து அமுக்கும். ஆகவே ஃபோல்டர் போடும் முன் என்னையே நான் கேட்டுக்கொள்வது ஒரே கேள்வி: இந்தக் கூட்டத்தை ஒரே கையால் ஏற்றி இறக்க நினைப்பேனா? ஆம் என்றால் ஃபோல்டர். கண்ணுக்கு அடையாளம் தெரிந்தால் போதும் என்றால் கலர். இரண்டையும் ஒரே வேலைக்குப் பயன்படுத்தினால் இரண்டுமே வீண்.

இப்போது அம்பா பாட்டுக்கு வருவோம். டிரம்ஸ், பேஸ், கிட்டார் என்ற பிரிவினை அந்த இசையில் எடுக்கிற முடிவுகளிலிருந்து வந்தது. நமக்கு அந்த முடிவுகள் இல்லை. அம்பாவில் ஒருவர் அடி எடுத்துக் கொடுக்கிறார், மற்றவர்கள் ஏலேலோ என்று வாங்குகிறார்கள். மிக்ஸில் நான் கைவைக்கப்போவது அந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள விகிதத்தில்தான். முன்பாட்டுக்காரர் வார்த்தை தெளிவாகக் கேட்க வேண்டும், பின்பாட்டு எழுந்து வந்து அவரை மூட வேண்டும், ஆனால் முழுக்க மூடக்கூடாது. எனவே மேல்மட்டத்தில் நான் வைப்பது: முன்பாட்டு, பின்பாட்டு, தோல், காற்று வாத்தியம், கடல். ஐந்து ஃபேடர். அவ்வளவுதான் மிக்ஸ் மேசை. 87 ட்ராக்கும் அந்த ஐந்துக்குள் எங்கேயாவது போய் உட்கார்ந்துவிடும்.

நாலு பாட்டையும் நாலு புராஜெக்ட்டாகப் பிரித்துவிடு. ஒரு பாட்டுக்கு ஏற்றிய ஈக்யூ (அடித்தொனி, மேல்தொனியைக் கூட்டிக் குறைப்பது) அடுத்த பாட்டைக் கெடுக்கும்.

இன்னொன்று, இதை ரொம்பப் பேர் கவனிப்பதில்லை. வலையின் மடி (மீன் சேரும் பை) கரைக்குக் கிட்டே வர வர பாட்டும் வேகம் பிடிக்கும். தாளக் கிளிக் இல்லாமல் பாடியது. தவிலை அதன் மேல் ஒட்டவைப்பதற்காக நீ புராஜெக்ட் டெம்போவை (தாள வேகம்) மாற்றினால், எல்லா ஐட்டமும் (பதிவுத் துண்டு) தாறுமாறாக நகர வாய்ப்பு உண்டு. புராஜெக்ட் செட்டிங்ஸில் டைம்பேஸ் என்று ஒன்று இருக்கும், அதை "பீட்ஸ்" என்பதிலிருந்து "டைம்" என்பதற்கு மாற்றிவிட்டுத்தான் வேறு எதையும் தொட வேண்டும்.

கீழக்கரை மைக்செட்

தம்பி சொல்வது ஸ்டூடியோவுக்குச் சரி. கரைக்கு ஒத்துவராது. நான் இதில் ரொம்ப வருஷமாக மைக் கட்டுகிறவன், சொல்கிறேன்.

கரைவலைக்கு இரண்டு கயிறு, இரண்டு பக்கமும் ஆள். மைக்கை எங்கே வைத்தாலும் எல்லார் குரலும் எல்லா மைக்கிலும் விழும். இதில் முன்பாட்டு ட்ராக் எது, பின்பாட்டு ட்ராக் எது? முன்பாட்டுக்காரர் மைக்கை ஏற்றினால் அவர் பக்கத்தில் நிற்கிற நாலு பேரும் சேர்ந்து ஏறுவார்கள். அதுமட்டும் இல்லை. சத்தம் நொடிக்கு ஏறக்குறைய 345 மீட்டர் போகிறது. இந்தக் கயிற்றில் பாடுகிறவர் குரல் பத்து மீட்டர் தள்ளி அந்தக் கயிற்று மைக்கில் போய் விழ 29 மில்லிசெகண்ட் ஆகும். அந்த இடைவெளிதான் கேட்கிறவனுக்குக் கரை எவ்வளவு அகலம் என்று காட்டுகிறது. நீங்கள் ஆளைப் பார்த்துப் பிரித்து ஒரு ட்ராக்கை மட்டும் கொஞ்சம் தள்ளினால் அந்த இடமே போய்விடும், குரலும் டப்பாவுக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஆகிவிடும்.

என் கணக்குப்படி மைக் இருந்த இடத்தை வைத்துத்தான் பிரிக்க வேண்டும். வடக்குக் கயிறு, தெற்குக் கயிறு, நடு. பாடினவன் யார் என்பது அப்புறம்.

நான் கியூபேஸ் மென்பொருள்காரன். அங்கே ஃபோல்டர் என்பது மூடி வைப்பதற்குத்தான், சத்தம் அதன் வழியாகப் போகாது. அதற்கு குரூப் சேனல் தனியாகப் போட வேண்டும். அதனால் எனக்கு இந்தக் குழப்பமே வந்ததில்லை.

சாயல்குடி டு சாலிகிராமம்

மைக்செட் காக்கா, நீங்கள் சொல்வது நேரத்தைப் பற்றி. நான் சொன்னது சத்தத்தின் அளவைப் பற்றி. இரண்டும் மோதவில்லை என்று நினைக்கிறேன்.

ஒரே நேரத்தில் பதிவான எட்டு ஐட்டத்தையும் தேர்ந்தெடுத்து "ஜி" விசையை அமுக்கினால் அவை ஒரு குரூப் ஆகிவிடும். ஒன்றை நகர்த்தினால் எட்டும் நகரும், ஒன்றை வெட்டினால் எட்டும் வெட்டுப்படும். எந்த ஃபோல்டரில் எது இருந்தாலும் நீங்கள் சொல்கிற 29 மில்லிசெகண்ட் அப்படியே இருக்கும். பிரிக்க வேண்டும் என்றால் "யு".

ஆனால் ஒலிக்கசிவு விஷயத்தில் நீங்கள் சொல்வதுதான் சரி. முன்பாட்டுக்காரரின் மைக் ஒன்று மட்டும் அவர் வாய்க்குப் பக்கத்தில் இருந்திருந்தால் அதைத் தனியாக வைக்கலாம். மற்ற ஏழும் பின்பாட்டு ஃபோல்டருக்குள் வடக்குக் கயிறு, தெற்குக் கயிறு என்று இரண்டு குட்டி ஃபோல்டராகப் போகட்டும். பெயரில் இடம், ஃபோல்டரில் வேலை.

கீழக்கரை மைக்செட்

அப்படியென்றால் சரி. ஆனால் அந்தக் குரூப்பைப் பிரித்துவிட்டு மறந்துபோகிறவனைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

பாசிமணி

பாம்பனிலிருந்து எழுதுகிறேன். கோயில் பாடகர் குழுவுக்கு லாஜிக் மென்பொருளில் பதிவு செய்கிறேன். லாஜிக்கில் இரண்டு வகையும் உண்டு: ஃபோல்டர் ஸ்டாக் என்றால் கூட்டிக் கட்டி வைப்பதற்கு, சம்மிங் ஸ்டாக் என்றால் சத்தமும் ஒன்றாகச் சேர்ந்து ஒரே வழியில் போகும். காக்காவும் சாயல்குடி தம்பியும் பேசிய இரண்டும் அங்கே ஒரே மெனுவில் இருக்கின்றன. ஆரம்பத்தில் எதைத் தேர்ந்தெடுக்கிறோம் என்று பார்க்க வேண்டும்.

பெயர் வைப்பதில் இரண்டு விஷயம். எண்ணை 01, 02 என்று பூஜ்யம் வைத்துத் தொடங்குங்கள். இல்லையென்றால் சில மென்பொருளில் 1-க்கு அடுத்து 10 வந்து நிற்கும். ட்ராக் பெயரைத் தமிழில் வைக்கலாம், திரையில் அழகாகத் தெரியும். ஆனால் மேலே கச்சான் சொன்னபடி ட்ராக் பெயர் ஃபைல் பெயராகவும் ஆகும். அதை ஜிப் செய்து வேறு கணினிக்கு அனுப்பும்போது பழைய மென்பொருள் சிலவற்றில் தமிழ் எழுத்து கட்டம் கட்டமாக மாறிப் போகும். அதனால் வெளியே அனுப்பப்போகிற வேலைக்கு நான் ஆங்கில எழுத்தில்தான் பெயர் வைக்கிறேன். வீட்டோடு இருக்கிற வேலைக்குத் தமிழ்.

யாரும் கேட்காத ஒன்றைக் கேட்கிறேன். அந்தப் பதினைந்து பேரின் பெயர் எங்கே இருக்கிறது? வடக்குக் கயிறு, தெற்குக் கயிறு என்று மைக்குக்குப் பெயர் வைத்தாயிற்று. பாடினவர்கள் பெயரை புராஜெக்ட் நோட்ஸில் ஏற்றுங்கள். யார், எந்த ஊர், எந்தப் பாட்டு, யார் அடியெடுத்துக் கொடுத்தது, யார் தவில், எவ்வளவு கொடுத்தது, எவ்வளவு பாக்கி. 1957 காப்புரிமைச் சட்டத்தில் பாடுகிறவருக்கும் வாசிக்கிறவருக்கும் நிகழ்த்துநர் உரிமை இருக்கிறது, 50 ஆண்டுக்கு. பாட்டு ஊருக்குப் பொதுவாக இருக்கலாம், அன்றைக்கு அங்கே நின்று பாடியது அவர்கள். நண்பர் சவூதியில் இருக்கும்போதே போனில் கேட்டு எழுதி வைத்துவிடுங்கள். இரண்டு வருஷம் கழித்து அவருக்கே ஞாபகம் இருக்காது.

உச்சிப்புளிக்காரன்

எல்லாருக்கும் நன்றி. கச்சான் அண்ணன் சொன்னபடி நேரத்தை வைத்துப் பிரித்தேன். ஆறு கூட்டமாக வந்துவிட்டது. கரையில் மூன்று, மாடியில் மூன்று. தப்ஸ் எது, பம்பை எது என்பதும் தெரிந்துவிட்டது. பாசிமணி அக்கா சொன்னதை நேற்று இரவே கேட்டு எழுத ஆரம்பித்துவிட்டேன், அடியெடுத்துக் கொடுத்தவர் பெயர் கிடைத்துவிட்டது.

இப்போது இரண்டு சந்தேகம். ஒன்று, காலி ட்ராக்கும், பாதியில் நிறுத்திய டேக்கும் (ஒரு முறை பாடிப் பதிவானது) இருபதுக்கு மேல் இருக்கிறது. அழிக்கலாமா? இரண்டு, ஒவ்வொரு கரைப் பதிவுக்குப் பின்னாலும் வெறும் கடல் சத்தம் மட்டும் நாலைந்து நிமிடம் ஓடுகிறது. ரெக்கார்டிங்கை நிறுத்த மறந்துவிட்டான் போல. அதையும் வெட்டிவிடவா?

கச்சான்

வெட்டாதே! அது மறதி இல்லை. வேண்டுமென்றேதான் எடுத்திருக்கிறான், உன் நண்பன் கெட்டிக்காரன்.

நீயே செய்து பார். பின்பாட்டு ட்ராக்கில் இரண்டு அடிக்கு நடுவில் ஆள் பாடாத இடத்தை மட்டும் மியூட் செய். பாட்டு நிற்கும்போது கடலும் சட்டென்று நின்றுபோகும், மறுபடி "ஏலேலோ" வரும்போது கடலும் கூடவே வந்து குதிக்கும். காதில் கல் விழுந்த மாதிரி இருக்கும். அதை மறைக்கத்தான் அந்த நாலு நிமிடக் கடல். அதைத் தனி ட்ராக்கில் போட்டுப் பாட்டு முழுக்க மெதுவாக ஓடவிடு. அப்புறம் மேலே நீ எங்கே வெட்டினாலும் யாருக்கும் தெரியாது.

ஒன்றே ஒன்று. மூன்று கரைப் பதிவும் ஒரே கரையா? பாக் நீரிணைப் பக்கம் எடுத்ததும் மன்னார் வளைகுடாப் பக்கம் எடுத்ததும் என்றால் கடலை மாற்றிப் போட்டுவிடாதே. தனுஷ்கோடிப் பக்கம் பெண்கடல், ஆண்கடல் என்று பிரித்துச் சொல்வதைக் கேட்டிருப்பாய். ஒன்று சலசலக்கும், மற்றொன்று அடிக்கும். ட்ராக் பெயரிலேயே எந்தக் கரை என்று எழுதிவிடு.

காற்று மைக்கில் விழுந்து புஸ்ஸென்று இருந்தால் குரல் ட்ராக்கில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டு. கடல் ட்ராக்கில் அவ்வளவு வெட்டாதே, அடிவயிறு போய்விடும்.

சாயல்குடி டு சாலிகிராமம்

அழிப்பதைப் பற்றி: காலி ட்ராக்கை அழிக்கலாம், அதில் பிளக்-இன், ரூட்டிங் (சத்தம் போகிற வழி) எதுவும் இல்லை என்று பார்த்துவிட்டு. பாதியில் நின்ற டேக்கை அழிக்காதே. அதில் ஒரு சிரிப்போ, "இழு இழு" என்கிற அதட்டலோ இருக்கும், பாட்டின் தொடக்கத்துக்கு அதைவிட நல்லது கிடைக்காது. அவற்றையெல்லாம் கடைசியில் "பரண்" என்று ஒரு ஃபோல்டர் போட்டு உள்ளே தள்ளு, மியூட் செய், ட்ராக் மேனேஜரைத் திறந்து ட்ராக் லிஸ்டிலிருந்தும் மிக்சரிலிருந்தும் மறைத்துவிடு. மறைத்தது அழியாது, வேண்டும்போது அதே ஜன்னலில் ஒரு கிளிக்கில் திரும்பி வரும். ஆனால் மறைத்த ட்ராக் மியூட் ஆகாமல் இருந்தால் சத்தம் வந்துகொண்டேதான் இருக்கும், எங்கிருந்து வருகிறது என்று தேடித் தேடித் தலை காய்ந்துவிடும். அதனால்தான் மியூட்டை முதலில் சொன்னேன்.

ஃபைல் மெனுவில் புராஜெக்ட் ஃபோல்டரைச் சுத்தம் செய்கிற கட்டளை ஒன்று இருக்கும். இப்போது நாலு புராஜெக்ட் ஃபைல் ஒரே ஃபோல்டரில் வைத்திருக்கிறாய் என்றால் அந்தப் பக்கமே போகாதே. ஒரு பாட்டுக்கு வேண்டாதது இன்னொரு பாட்டுக்கு உயிர்.

தொண்டி பீட்

கலர் பற்றி நான் சொன்னதை யாருமே மதிக்கவில்லை. ஆனாலும் ஒரு உதவி. ரீப்பருக்கு எஸ்டபிள்யூஎஸ் என்று ஒரு இலவச எக்ஸ்டென்ஷன் இருக்கிறது. அதில் "பெயரில் தவில் என்று வந்தால் சிவப்பு, கடல் என்று வந்தால் நீலம்" என்று விதி எழுதி வைத்துவிடலாம். பெயர் அடித்தவுடன் கலர் தானாக மாறும். 87 ட்ராக்குக்கும் கையால் கலர் போட்டுக்கொண்டிருக்க வேண்டாம்.

உச்சிப்புளிக்காரன்

தம்பி, அதுதான் இந்த இழையிலேயே எனக்கு அதிக நேரம் மிச்சம் பிடித்த யோசனை. போட்டுப் பார்த்தேன். பெயர் எழுதாத ட்ராக் மட்டும் சாம்பலாக நிற்கிறது, எது பாக்கி என்று பார்த்தவுடன் தெரிந்துவிடுகிறது.

மூன்று கரைப் பதிவில் இரண்டு தென்கரை (மன்னார் வளைகுடா), ஒன்று வடகரை (பாக் நீரிணை). எழுதிவிட்டேன். நாளை ஒரு பாட்டை மிக்ஸுக்கு அனுப்பலாம் என்று இருக்கிறேன். சாயல்குடி அண்ணே, நீங்களே எடுத்துக்கொள்வீர்களா? எப்படி அனுப்ப வேண்டும்?

சாயல்குடி டு சாலிகிராமம்

எடுத்துக்கொள்கிறேன். நான் மிக்ஸ் செய்வது ரீப்பரில் இல்லை, அதனால் புராஜெக்ட் ஃபைல் வேண்டாம். ரெண்டர் ஜன்னலில் தேர்ந்தெடுத்த ட்ராக்குகளை ஸ்டெம் (ட்ராக்குக்கு ஒரு தனி ஆடியோ ஃபைல்) ஆக எடுக்கிற வசதி இருக்கும், அதில் கொடு. எல்லா ஃபைலும் ஒரே இடத்தில் தொடங்கி ஒரே இடத்தில் முடிய வேண்டும், நடுவில் வருகிற பம்பைக்கும் தொடக்கத்திலிருந்து வெறும் அமைதி இருக்கட்டும். அப்போதுதான் என் பக்கம் இழுத்துப் போட்டவுடன் சரியாக உட்காரும். ஈக்யூ, ரிவர்ப் (எதிரொலி) எல்லாவற்றையும் அணைத்துவிட்டு எடு. உனக்குப் பிடித்த ரிவர்ப் இருந்தால் அதோடு ஒரு ரஃப் மிக்ஸ் தனியாக அனுப்பு, உன் மனசில் என்ன இருக்கிறது என்று புரிந்துகொள்கிறேன்.

48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்றால் ஒரு மோனோ ட்ராக் நிமிடத்துக்கு 8.64 எம்பி. நாலு நிமிடப் பாட்டில் முப்பது ட்ராக் என்றால் ஒரு ஜிபிக்குக் கொஞ்சம் மேலே. மோனோவாகப் பதிவானதை ஸ்டீரியோவாக எடுத்து இரண்டு மடங்காக்கி அனுப்பாதே, உங்கள் ஊர் நெட்டில் அது ராத்திரி முழுக்க ஏறும். கரண்ட் வேறு போகும்.

பாசிமணி அக்கா சொன்ன பெயர்ப்பட்டியலை ஒரு டெக்ஸ்ட் ஃபைலாக அதே ஃபோல்டரில் வை. கடல் ட்ராக்குக்கு நாய்ஸ் ரிடக்‌ஷன் போட்டு "சுத்தம்" செய்து அனுப்பினால் திருப்பி அனுப்பிவிடுவேன்.

தொண்டி பீட்

அண்ணே, மிக்ஸ் முடிந்ததும் அந்தத் தப்ஸ் ட்ராக் மட்டும் எனக்குக் கிடைக்குமா? ஒரு லூப்புக்கு.

கீழக்கரை மைக்செட்

அதை உச்சிப்புளித் தம்பியிடம் கேட்காதே, அடித்தவர்களிடம் கேள். அந்தக் குழுவின் உஸ்தாதை எனக்குத் தெரியும். தனிச்செய்தியில் வா, கூட்டிக்கொண்டு போகிறேன்.